எது சரியான வடிவம்? அயர்லாந்து மெட்டுகள் இணையத்தில் கைமாறும் விதம்: ஒரு நிகழ்வு ஆய்வு

அயர்லாந்தின் நாட்டு இசையைப் பழகுகிறவர்கள் ஒரு மெட்டின் பெயர் காதில் விழுந்ததும் தேடிப்போகிற இடம் ‘தி செஷன்’ என்ற இணையத் தொகுப்பு. அதை நடத்துபவர் ஜெரமி கீத். கார்க் மாவட்டத்தின் கோவ் என்ற துறைமுக ஊரைச் சேர்ந்தவர். இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் வசிக்கும் வலை வடிவமைப்பாளர். தொடக்கத்தில் வாரம் ஒரு மெட்டு என்று தானே போட்டுக்கொண்டிருந்தவர், 2001இல் அதை யார் வேண்டுமானாலும் உறுப்பினராகி மெட்டு சேர்க்கக்கூடிய தரவுத்தளமாக மாற்றினார். அன்றிலிருந்து உலகின் பல மூலைகளில் இருப்பவர்கள் தங்களுக்குத் தெரிந்த மெட்டைத் தங்களுக்குத் தெரிந்த விதத்தில் அங்கே எழுதி வைத்துக்கொண்டே வருகிறார்கள்.

தங்களுக்குத் தெரிந்த விதத்தில் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. இந்த இசையில் ஒரே மெட்டை இரண்டு பேர் ஒரே மாதிரி வாசிப்பது அபூர்வம். அப்படியிருக்க, ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில் எழுதினால் எந்த வடிவம் ‘அந்த மெட்டு’ என்று நிலைக்கும்? யார் அதை முடிவு செய்வது? டின் விசில் என்ற சிறிய தகரக் குழலில் இந்த மெட்டுகளைப் பழகுகிறவன், அதற்கு முன் கர்நாடக இசையில் காது பழகியவன் என்ற முறையில் இந்தக் கேள்வி என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. அதற்கு விடை தேடும் முயற்சி இது.

வாசிக்கப்படுவது என்ன

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். அயர்லாந்தின் நடன மெட்டு மிகச் சிறியது. பெரும்பாலும் இரண்டு பகுதிகள். ஒவ்வொன்றும் எட்டு பார் (பார் என்பது நம் ஆவர்த்தனம் போன்ற சிறு தாள அளவு). ஒவ்வொரு பகுதியையும் இரண்டு முறை வாசிப்பார்கள். மொத்தம் 32 பார். அப்புறம் மறுபடி முதலிலிருந்து. இரண்டு மூன்று சுற்று முடிந்ததும் நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். இப்படித் தொடுத்து வாசிக்கும் இரண்டு மூன்று மெட்டுகளைச் சேர்த்து ‘செட்’ என்பார்கள்.

தாளத்தை வைத்து வகை பிரிகிறது. நான்கு நான்காக ஓடுவது ரீல். மூன்று மூன்றாக, நம் காதுக்கு ‘தகிட தகிட’ என்று கேட்பது ஜிக். ஒரு பாருக்கு மூன்று ‘தகிட’ வந்தால் அது ஸ்லிப் ஜிக். ஹார்ன்பைப், போல்கா, கெர்ரி–கார்க் எல்லைப் பகுதியில் அதிகம் கேட்கும் ஸ்லைடு ஆகியவையும் உண்டு. பெரும்பாலானவை டி, ஜி ஆகிய சுருதிகளைச் சுற்றியே அமைந்திருக்கும். புல்லாங்குழலும் விசிலும் இல்லன் பைப்ஸ் என்ற காற்றுப்பை வாத்தியமும் டியில் அமைந்தவை என்பது அதற்கு முக்கியக் காரணம். ஸ்வர அமைப்பு நமக்குப் புதியது இல்லை. மேஜர் என்பது சங்கராபரணம். மிக்ஸோலிடியன் என்பது அரிகாம்போதி. டோரியன் என்பது கரகரப்பிரியை. ‘ட்ரௌஸி மேகி’ என்ற புகழ்பெற்ற ரீலின் முதல் பகுதியை இ சுருதியில் கரகரப்பிரியை என்று நினைத்துக்கொண்டு கேட்டால் உடனே பிடிபடும். கமகம்தான் கிடையாது. அதற்குப் பதிலாக ‘கட்’, ‘ரோல்’, பைப்ஸில் ‘க்ரான்’ என்று சொல்லும் விரல் வெட்டுகள் உண்டு.

இந்த மெட்டுகள் வாசிக்கப்படும் இடம் செஷன். ஒரு பப்பின் மூலையில் மேசையைச் சுற்றி ஃபிடில் (வயலின்), புல்லாங்குழல், அக்கார்டியன், மீட்டி வாசிக்கும் பேன்ஜோ, பௌரான் என்ற கைப்பறை என்று பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். யாராவது ஒருவர் தொடங்குவார், தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள், தெரியாதவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். தாளைப் பார்த்து வாசிக்கும் வழக்கம் இல்லை. எல்லோரும் ஒரே மெட்டைத்தான் வாசிக்கிறார்கள். ஆளுக்கொரு தனிப் பகுதியோ அடுக்கிசையோ மரபில் கிடையாது. ஆனாலும் உற்றுக் கேட்டால் அங்கங்கே ஒரு ஸ்வரம் இவருக்கு மேலே போகிறது, அவருக்குக் கீழே வருகிறது. அந்த உரசல் இந்த இசைக்கு அழகு.

எழுத்தில் ஒரு மெட்டு

இணையத்தில் மெட்டுகள் பரவுவதற்கு வழி செய்தது ஏபிசி என்ற எழுத்துக் குறிப்பு. ஸ்வரங்களை ஏ, பி, சி, டி என்று எழுதிக் கற்பிப்பது அயர்லாந்தில் முன்பே இருந்த வழக்கம்தான். 1980களில் கிறிஸ் வால்ஷா என்ற ஆங்கிலேயர், ஐந்து கோட்டு நொட்டேஷன் படிக்கத் தெரியாத காலத்தில், கேட்ட மெட்டுகளை எழுத்துகளாகக் குறித்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த எழுத்துகளைக் கணினி அச்சடிக்கும் கோட்டு நொட்டேஷனாக மாற்ற ஒரு நிரல் எழுதினார். 1993 வாக்கில் அது முழு வடிவம் பெற்றது. விசைப்பலகையில் இருக்கும் சாதாரண எழுத்துகளே போதும்: பெரிய எழுத்து என்றால் கீழ் ஸ்தாயி, சிறிய எழுத்து என்றால் மேல் ஸ்தாயி, பக்கத்தில் எண் போட்டால் அத்தனை மடங்கு நீளம், நிமிர்ந்த கோடு போட்டால் பார். மேலே சில வரிகளில் பெயர், வகை, தாளம், சுருதி. ஒரு முழு மெட்டு பத்து வரிக்குள் அடங்கிவிடும். படமோ ஒலிக்கோப்போ அனுப்பினால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலத்தில் இது எவ்வளவு பெரிய வசதி என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ச ரி க ம எழுதிப் பாடம் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த முறை அந்நியமாகத் தெரியாது. எடுத்துக்காட்டாக ‘கெஷ் ஜிக்’. ஜியை ஆதார ஷட்ஜமமாக வைத்து அதன் முதல் பகுதியை நம் எழுத்தில் எழுதினால் இப்படி வரும்:

ச , , ச ரி க | ரி , , ரி க ப |
த ப ப ச ப ப | த ப க ப க ரி |
ச ரி ச ச ரி க | ரி க ரி ரி க ப |
த ப ப ச ப ப | க ரி நி ச , , |

மூன்றாம், ஏழாம் பார்களில் வரும் ச மேல் ஸ்தாயி. கடைசி பாரில் வரும் நி மந்திர ஸ்தாயி. அந்த ஒரே ஒரு நிஷாதத்தை விட்டுவிட்டால் முழுப் பகுதியும் மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களுக்குள் நிற்கிறது. இதை முதல் முறை கவனித்தபோது எனக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. விரலில் மெட்டு உட்கார்ந்ததும் அதற்குப் பிறகுதான்.

இப்போது முதல் பாரையும் ஐந்தாம் பாரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் ஷட்ஜமம் மூன்று அட்சரம் நீள்கிறது. இன்னொன்றில் அதே இடம் ‘ச ரி ச’ என்று நிரம்பியிருக்கிறது. மெட்டின் எலும்பு இரண்டிலும் ஒன்றுதான். ஃபிடில்காரர் முதல் இடத்தில் ரோல் போடுவார்: அந்த ஸ்வரம், மேலிருந்து ஒரு தொடுகை, மறுபடி அந்த ஸ்வரம், கீழிருந்து ஒரு தொடுகை, மறுபடி அந்த ஸ்வரம். ஏபிசியில் அதற்கு ஒரு சின்ன அலைக்குறி மட்டும். பேன்ஜோக்காரர் அதே இடத்தில் மூன்று வேக மீட்டுகள் வைப்பார். ‘ச நி ச’ என்று கீழே தொட்டுவிட்டு வருகிறவர்களும் உண்டு. இவற்றில் எதுவும் பிழை இல்லை. ஒரே ஆளே மூன்று சுற்றில் மூன்று விதமாக வாசிப்பார். வாசிக்க வேண்டும் என்றுதான் எதிர்பார்க்கிறார்கள்.

ஆக, ஏபிசி பதிவு செய்வது எலும்பை மட்டும். ஊஞ்சல் போன்ற அந்த அசைவு, வில்லின் அழுத்தம், எங்கே மூச்சு வாங்குவது என்பதெல்லாம் வெளியே நின்றுவிடுகின்றன. இதைப் பலர் குறையாகச் சொல்வார்கள். என் கருத்தில் ஏபிசி வெற்றி பெற்றதற்கு இந்தக் குறையே காரணம். எல்லாவற்றையும் எழுத முயன்றிருந்தால் அது ஒரே ஒரு வாசிப்பின் நகலாக ஆகியிருக்கும். வேறு ஊர்க்காரர் எடுத்துத் தன் வழியில் வாசிக்க இடம் இருந்திருக்காது.

இதற்கு முன் நடந்தவை

இணையம் வருவதற்கு முன்பே இந்த இசை இரண்டு முறை பெரிய அளவில் ஊடகம் மாறியிருக்கிறது. இரண்டு முறையும் ஒரு வடிவம் மற்றவற்றை ஓரம் தள்ளியது. அதைப் பார்க்காமல் இப்போதைய நிலையை எடைபோட முடியாது.

முதலாவது அச்சு. ஃபிரான்சிஸ் ஓ’நீல் 1848இல் மேற்கு கார்க்கில் பேன்ட்ரி அருகே பிறந்தவர். பதின்ம வயதில் கப்பலேறி, உலகம் சுற்றி, கடைசியில் சிகாகோ காவல்துறையில் சேர்ந்தார். 1901 முதல் 1905 வரை அந்த நகரத்தின் காவல்துறைத் தலைவர். 1840களின் பெரும் பஞ்சத்துக்குப் பின் அயர்லாந்தின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் வந்து குவிந்த வாசிப்பாளர்கள் அந்த நகரத்தில் இருந்தார்கள். சொந்த நாட்டில் ஒருவரையொருவர் சந்தித்தே இருக்க மாட்டார்கள். சிகாகோவில் பக்கத்துத் தெருவில் குடியிருந்தார்கள். ஓ’நீலுக்கு அபாரமான காது. ஆனால் நொட்டேஷன் எழுதும் பழக்கம் இல்லை. அவர் வாசித்தும் முனகியும் காட்ட, டவுன் மாவட்டத்துக் குடும்பத்திலிருந்து வந்த ஜேம்ஸ் ஓ’நீல் என்ற சக காவலர் எழுதிக்கொண்டார். 1903இல் 1,850 மெட்டுகளுடன் முதல் பெரிய தொகுப்பு வந்தது. 1907இல் நடன மெட்டுகள் மட்டும் 1,001. வாசிப்பாளர்கள் இந்த இரண்டாவதை ‘அந்தப் புத்தகம்’ என்றே சொல்லிவந்தார்கள். வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

ஓ’நீல் செய்தது மகத்தான வேலை. அவர் இல்லாவிட்டால் எத்தனையோ மெட்டுகள் வாசித்தவர்களோடு போயிருக்கும். ஆனால் தாளில் ஒரு மெட்டுக்கு ஒரு வடிவத்துக்குத்தான் இடம். கெர்ரிக்காரர் ஒரு விதமாகவும் மேயோக்காரர் இன்னொரு விதமாகவும் வாசித்த மெட்டு, அச்சில் ஒரே விதமாக ஆனது.

இரண்டாவது இசைத்தட்டு. ஸ்லைகோ மாவட்டத்தில் 1891இல் பிறந்த மைக்கேல் கோல்மன் 1914இல் அமெரிக்கா போனார். 1921 முதல் 1936 வரை நியூயார்க்கில் ஃபிடில் பதிவுகள் செய்தார். அந்தத் தட்டுகள் தபாலிலும் ஊர் திரும்புகிறவர்களின் பெட்டிகளிலும் அயர்லாந்துக்கு வந்தன. கிராமபோன் இருந்த வீட்டில் ஊரே கூடிக் கேட்டது. வாசிப்பு அவ்வளவு பிரமாதம். அதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. விளைவு என்ன? வேறு மாவட்டங்களின் இளைஞர்கள் தங்கள் ஊர்ப் பெரியவர்களின் வாசிப்பை விட்டுவிட்டு ஸ்லைகோ பாணிக்கு மாறினார்கள். கோல்மன் 1930களில் ‘டார்போல்டன்’, ‘லாங்ஃபோர்ட் கலெக்டர்’, ‘செய்லர்ஸ் பானெட்’ என்ற மூன்று ரீல்களை ஒரே தட்டில் தொடுத்து வாசித்தார். இன்றைக்கும் செஷனில் முதலாவது தொடங்கினால் மற்ற இரண்டும் அதே வரிசையில் தானாகவே வரும். தட்டின் ஒரு பக்கத்தில் இடம் இருந்த அளவுக்குத் தொடுத்த மூன்று மெட்டுகள், மரபாகவே ஆகிவிட்டன.

இந்த இரண்டுக்கும் நேரெதிரான வேலை ஒன்றைச் செய்தவர் பிரெண்டன் ப்ரானக். அரசு ஊழியர், பைப்ஸ் வாசிப்பாளர். அச்சிலும் கையெழுத்திலும் கிடைத்த ஆயிரக்கணக்கான மெட்டுகளுக்கு அட்டை எழுதினார். மெட்டின் தொடக்கப் பார்களில் அழுத்தம் விழும் ஸ்வரங்களை மட்டும் எண்களாக மாற்றி, அந்த எண் வரிசைப்படி அட்டைகளை அடுக்கினார். பெயர் வேறாக இருந்தாலும் சுருதி வேறாக இருந்தாலும் உறவு மெட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. அவருடைய முதல் தொகுதி 1963இல் வெளிவந்தது, 1985இல் மறைந்தார். இணையத் தொகுப்புகளின் உண்மையான முன்னோடி என்று நான் கருதுவது ஓ’நீலை அல்ல, இவரைத்தான். வடிவங்கள் பல என்பதை ஏற்றுக்கொண்டு, அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட வழி செய்தவர் இவர்.

பல வடிவங்கள், ஒரே பக்கம்

‘தி செஷன்’ தொகுப்பின் அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது: ஒரு மெட்டுக்கு ஒரு பக்கம், அந்தப் பக்கத்தில் எத்தனை வடிவம் வேண்டுமானாலும். புதிதாக ஒருவர் தன் ஊர் வழியைச் சேர்த்தால் பழையது அழிவதில்லை. கீழே இன்னொன்றாக நிற்கிறது. எது அசல் என்று தீர்ப்பு கிடையாது. கூடவே அந்த மெட்டு எந்தெந்த இசைத்தட்டுகளில் இருக்கிறது, வேறு என்னென்ன பெயர்களில் வழங்குகிறது, எந்த மெட்டுகளோடு செட்டாக வாசிக்கிறார்கள் என்ற தகவல்களும் உண்டு. ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த மெட்டுகளைத் தன் ‘டியூன்புக்’ பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

பெயர் விஷயம் தனிக் கதை. இந்த இசையில் பெயர் என்பது மெட்டில் லேசாக ஒட்டியிருக்கும் சீட்டு மாதிரி; எப்போது வேண்டுமானாலும் கழன்று விழும். ‘மாரிசன்ஸ் ஜிக்’ என்று உலகம் முழுக்க அறியப்பட்ட மெட்டு ஜேம்ஸ் மாரிசன் இயற்றியது இல்லை. ஸ்லைகோவிலிருந்து நியூயார்க் போன அந்த ஃபிடில் ஆசிரியர் அதைக் கெர்ரிக்காரரான டாம் கார்மடி என்ற அக்கார்டியன் வாசிப்பாளரிடமிருந்து எடுத்துக்கொண்டார். கார்மடிக்கு அது அப்பாவிடமிருந்து வந்தது. மாரிசன் பதிவு செய்தார், மாணவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. இதற்கு மறுகோடியில் கால்வே மாவட்டத்து பேடி ஃபாஹி. 2019இல் மறைந்த இவர் உருகவைக்கும் மெட்டுகள் பல இயற்றினார். எதற்கும் பெயர் வைக்கவில்லை. எல்லாமே ‘பேடி ஃபாஹிஸ்’தான். தரவுத்தளம் வேறு வழியில்லாமல் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து நிறுத்துகிறது. வாசிப்பவர்கள் முதல் இரண்டு பாரை முனகிக்காட்டி எது என்று புரிய வைக்கிறார்கள்.

நம் பக்கத்துக்கும் இதில் ஒரு உறவு இருக்கிறது. கார்க் மாவட்டத்தின் மேலோ ஊர் இளைஞர்களைப் பற்றிய ‘ரேக்ஸ் ஆஃப் மேலோ’ 18ஆம் நூற்றாண்டிலேயே அச்சேறிய மெட்டு. சென்னைக்கு அருகே மணலியில் முதலியார் குடும்பத்தின் ஆதரவில் இருந்தபோது செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் பேண்டு வாத்தியத்தைக் கேட்ட முத்துசுவாமி தீட்சிதர், அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் அமைத்தார். நொட்டுஸ்வரம் என்று இன்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அந்த ஏறக்குறைய நாற்பது பாடல்களில் ‘வந்தே மீனாக்ஷி’ இந்த மேலோ மெட்டில் அமைந்தது. கேட்டு, எடுத்துக்கொண்டு, தன் வழியில் வேறொன்றாக்கித் திருப்பிக் கொடுப்பது என்ற அயர்லாந்து வழக்கம், தீட்சிதர் கையில் முழுமையாக நடந்திருக்கிறது. நொட்டுஸ்வரம் தெரிந்தவர்கள் இணையத்தில் அந்த போல்காவின் வடிவங்களைத் தேடி ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

எங்கே உதைக்கிறது

இனி குறைகள். இவற்றை மெல்லமாகச் சொல்வதில் பயனில்லை.

பல வடிவங்களுக்கு இடம் இருந்தாலும் பக்கத்தில் முதலாவதாக நிற்பது முதலில் சேர்க்கப்பட்டதுதான். புதிதாகக் கற்பவர் அதைத்தான் எடுக்கிறார். கீழே இறங்கிப் பார்க்கும் பொறுமையோ, பார்த்தாலும் எது நல்லது என்று சொல்லும் காதோ அவரிடம் இன்னும் இல்லை. தொடக்க ஆண்டுகளில் யாரோ ஒருவர் அவசரமாக எழுதிப்போட்ட வடிவம், பல நாடுகளில் இருக்கும் புதியவர்களின் விரல்களில் ஏறிவிடுகிறது. அச்சும் இசைத்தட்டும் செய்த அதே ஒருமைப்படுத்தல், தீர்ப்பு சொல்லாத இடத்திலும் வரிசை என்ற ஒரே காரணத்தால் நடந்துவிடுகிறது. இந்த ஆய்வில் எனக்குக் கிடைத்த முக்கிய விடை இதுதான்: வடிவத்தை முடிவு செய்வது ஆட்கள் இல்லை, அடுக்கும் முறை.

அடுத்தது புகழ்ப் பட்டியல். எத்தனை பேர் ஒரு மெட்டைத் தங்கள் டியூன்புக்கில் சேர்த்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை எல்லோருக்கும் தெரியும். ‘கூலிஸ்’, ‘கெஷ்’, ‘ட்ரௌஸி மேகி’, ‘பட்டர்ஃப்ளை’ ஆகியவை எப்போதும் முன்வரிசையில். புதியவர்கள் பட்டியலைப் பார்த்து அவற்றையே கற்கிறார்கள். அதனால் எண்ணிக்கை இன்னும் ஏறுகிறது. எந்த நாட்டு செஷனுக்குப் போனாலும் சேர்ந்து வாசிக்க ஒரு பொதுத்தொகை இருப்பது நல்லதுதான். ஆனால் தன் ஊர்ப் பெரியவரிடம் மட்டும் இருக்கும் மெட்டை எடுக்க யாரும் வராமல் போவது, அந்தப் பொதுத்தொகைக்கு நாம் கொடுக்கும் விலை.

மூன்றாவது, தாளிலிருந்து மட்டும் கற்பவர்களின் வாசிப்பு. கணினி அந்த எழுத்துகளைத் தட்டையாக ஒலித்துக்காட்டும். ஒவ்வொரு ஸ்வரமும் சம நீளம், சம அழுத்தம். அதைக் கேட்டுப் பழகியவர் செஷனில் உட்கார்ந்தால் ஸ்வரங்கள் எல்லாம் சரியாக இருக்கும், ஆட்டம் இருக்காது. ஜிக்கில் ‘தகிட’வின் முதல் அட்சரம் லேசாக நீண்டு மூன்றாவது சற்றே தள்ளி விழ வேண்டும். எவ்வளவு என்பது கிளேர் மாவட்டத்துக்கு ஒரு கணக்கு, டொனிகால் மாவட்டத்துக்கு ஒரு கணக்கு. அதைக் காதால் மட்டுமே வாங்க முடியும்.

இயற்றியவர் உரிமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லாமே பழமையானவை, யாருக்கும் சொந்தமில்லாதவை என்ற எண்ணம் பொதுவாக இருக்கிறது. அது தவறு. ‘பட்டர்ஃப்ளை’ டப்ளின் ஃபிடில் வாசிப்பாளர் டாமி பாட்ஸின் கைவண்ணம். அவர் மறைந்தது 1988இல். இன்றும் புதிய மெட்டுகள் இயற்றப்படுகின்றன, செஷனில் பரவுகின்றன, பெயர் கழன்று போகிறது. இயற்றியவர் பெயர் தெரிந்தால் அதைக் குறிப்பது குறைந்தபட்ச மரியாதை. அதில் கூட்டுத் தொகுப்புகள் அச்சுப் புத்தகங்களைவிட மேலானவை. பிழை இருந்தால் யாராவது வந்து திருத்துகிறார்கள்.

பகிர்தல் வேறு, சேர்ந்து வாசித்தல் வேறு என்பது 2020இல் எல்லோருக்கும் உறைத்தது. பெருந்தொற்றால் பப்கள் மூடின. ஆகஸ்டில் பல லட்சம் பேர் கூடும் ஃப்ளா கியோல் இசைவிழா நடக்கவில்லை. காணொளி அழைப்பில் செஷன் நடத்திப் பார்த்தார்கள். ரீல் நிமிடத்துக்கு 110 தட்டு வேகத்தில் ஓடினால், தட்டுக்கு நான்கு ஸ்வரமாக, ஒரு ஸ்வரத்துக்குக் கிடைப்பது விநாடியில் ஏழில் ஒரு பங்கு. இணைய அழைப்பின் தாமதமே கிட்டத்தட்ட அவ்வளவு வரும். ஒருவர் வாசிப்பது மற்றவருக்குப் போய்ச் சேர்வதற்குள் மெட்டு ஒரு ஸ்வரம் நகர்ந்திருக்கும். கடைசியில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் ஒலியை அடைத்துக்கொண்டு தங்கள் வீட்டில் தனியாகக் கூடவே வாசித்தார்கள். மெட்டுகள் கைமாறின. செஷன் நடக்கவில்லை.

இயந்திரங்கள் வந்த பிறகு

மெட்டுகள் எழுத்துகளாக இருப்பதால் கணினிக்கு அவற்றைக் கையாள்வது எளிது. டப்ளினைச் சேர்ந்த கணினி ஆய்வாளரும் புல்லாங்குழல் வாசிப்பாளருமான பிரையன் டக்கன் உருவாக்கிய ‘டியூன்பால்’ இதற்கு நல்ல சான்று. செஷனில் பெயர் தெரியாத மெட்டு ஓடுகிறதா? கைபேசியில் சில விநாடிகள் பதிவு செய்தால், ஒலியை ஸ்வர எழுத்துகளாக மாற்றி, தொகுப்பில் இருக்கும் மெட்டுகளில் எதனோடு மிகக் குறைந்த திருத்தங்களில் பொருந்துகிறது என்று தேடும். அச்சுப்பிசகாத பொருத்தத்தைக் கேட்காததால் ரோலும் மாற்று ஸ்வரங்களும் அதைத் திணறடிப்பதில்லை. ப்ரானக் அட்டைகளில் செய்ததன் நேரடித் தொடர்ச்சி இது. ஒரு மெட்டுக்குப் பல வடிவங்கள் தொகுப்பில் இருந்தால் இதன் கண்டுபிடிப்பும் மேம்படும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

2015இல் இன்னொன்று நடந்தது. பாப் ஸ்டர்ம் முதலான ஆய்வாளர்கள் ‘தி செஷன்’ தொகுப்பிலிருந்து 23,000க்கும் மேற்பட்ட பதிவுகளை எடுத்து ஒரு நரம்பியல் வலையமைப்புக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அது புதிய ‘மெட்டுகளை’ ஏபிசியில் எழுதித் தள்ளியது. சில காதுக்கு இனிமையாகவே இருந்தன. வாசிப்பாளர்களை வைத்துப் பதிவும் செய்தார்கள். மெட்டுகளைத் தந்தவர்கள் இதற்காகவா தந்தார்கள் என்ற கேள்வி எழுந்தது. ஆய்வாளர்களும் அதைப் பற்றி எழுதினார்கள். எனக்கு இதில் உவப்பில்லை. ஒரு மெட்டை வாங்கிக்கொள்ளும்போது இது அவரிடமிருந்து வந்தது, அவருக்கு இன்னாரிடமிருந்து வந்தது என்ற தொடர் கூடவே வருகிறது. மாரிசன் – கார்மடி – கார்மடியின் அப்பா என்ற வரிசையைத் தெரிந்துகொண்டு வாசிக்கும்போது விரலில் ஒரு பொறுப்பு ஏறுகிறது. இயந்திரம் எழுதியதில் அந்தத் தொடர் இல்லை. இதே தரவை வைத்து உறவு மெட்டுகளைக் கண்டுபிடிப்பது, வடிவங்கள் மாவட்டவாரியாக எப்படி மாறுகின்றன என்று பார்ப்பது போன்ற வேலைகள் எத்தனையோ செய்யப்படாமல் கிடக்கின்றன.

செய்யக்கூடியவை

கற்பவர்களுக்கு என் அனுபவத்தில் பலன் தந்த வரிசையைச் சொல்கிறேன். எழுத்தைத் திறப்பதற்கு முன் குறைந்தது மூன்று வெவ்வேறு ஆட்களின் பதிவைக் கேளுங்கள். மெட்டை முனகும் அளவுக்கு வந்த பிறகு வாத்தியத்தை எடுங்கள். பிடிபடாத பாருக்கு மட்டும் ஏபிசியைப் பாருங்கள். அதிலும் முதல் வடிவத்தோடு நிற்காமல் கடைசி வரை இறங்கிப் பாருங்கள். சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைக்கும் மென்பொருள்கள் இப்போது இலவசமாகவே கிடைக்கின்றன. ரோலைப் பிரித்துக் கேட்க அதைவிட நல்ல வழி இல்லை. மெட்டைச் சேர்ப்பவர்கள் யாரிடமிருந்து, எந்த ஊர் வாசிப்பிலிருந்து எழுதியது என்று ஒரு வரி கட்டாயம் எழுத வேண்டும். தொகுப்பை நடத்துபவர்கள் முதலில் வந்தது மேலே என்ற அடுக்கை மாற்றி, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வேறு வடிவம் முன்னே வரும்படி செய்தால், நான் மேலே சொன்ன முதல் குறை பெருமளவு தீரும் என்று நம்புகிறேன்.

கடைசியாக ஆயுள் பற்றி. ப்ரானக்கின் சேகரிப்பு போன்றவற்றைக் காப்பதற்கென்றே 1987இல் டப்ளினில் அயர்லாந்து மரபிசை ஆவணக்காப்பகம் தொடங்கப்பட்டது. அரசு நிதியும் ஊழியர்களும் உண்டு. தனி ஒருவர் நடத்தும் இணையத் தொகுப்புக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஜெரமி கீத் இதற்குச் செய்திருக்கும் ஏற்பாடு எளிமையானது: முழுத் தரவையும் திறந்த உரிமத்தில் யாரும் இறக்கிக்கொள்ளும்படி வெளியிட்டு, அவ்வப்போது புதுப்பித்தும் வருகிறார். வெறும் எழுத்துகள் என்பதால் அளவு மிகக் குறைவு. சாதாரணக் கைபேசியில் மொத்தமும் அடங்கும். என்னிடமும் ஒரு நகல் இருக்கிறது. ஆர்வம் உள்ளவர்கள் நீங்களும் ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.